குளத்துக் கரையில் நின்றவர் தந்த புள்ளி: தன்னார்வலர்கள் சேர்த்த இடத்தகவலைப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

தை பிறக்கும்போது நம் பக்கத்துக் குளங்கள் நிறைந்து கிடக்கும். பிசானப் பயிர் வயலில் நிற்கும். அந்த ஜனவரி மாதத்தில் காலை ஆறரை மணிக்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் குளத்துக் கரைகளில் பைனாகுலரும் நோட்டுமாக ஆட்கள் நிற்பார்கள். 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் சிலர், பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகப் போனில் பட்டியல் போடுகிறவர்கள் சிலர். யாருக்கும் சம்பளம் இல்லை. ஆனால் அவர்கள் விட்டுச்செல்லும் ஒவ்வொரு பதிவிலும் ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, ஒரு நேரம் இருக்கிறது.

அந்தப் பதிவுகளை எடுத்து ஒரு கேள்விக்கு விடை காண்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் மாணவர்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்துவருகிறேன். பறவையை உதாரணமாக எடுத்திருக்கிறேன். பனைமரமோ கிணறோ பட்டாம்பூச்சியோ என்றாலும் வழி இதேதான்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"திருநெல்வேலியின் பறவைகள்" என்று ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேர முடியாது. "ஜனவரியில் நாமக்கோழி என்ற நீர்ப்பறவை கூட்டமாகத் தங்கும் குளங்கள் எவை?" என்று கேளுங்கள். எந்த உயிர், எந்த இடம், எந்த மாதம் என்ற மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கேள்வி தெளிவானதும் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். குளம் வாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் புள்ளி இருநூறு மீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும். ஊர் வாரியாக என்றால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் பாதகமில்லை. மாவட்ட அளவில் பார்க்கும் கேள்விக்கு இருபது கிலோமீட்டர் கூடப் போதும். ஒரு பதிவு நல்லதா கெட்டதா என்பதைக் கேள்விதான் முடிவு செய்கிறது. இதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்துவிட்டு மேலே போங்கள்.

தகவலை எங்கிருந்து எடுப்பது

பறவைக்கு இ-பேர்ட் என்ற இணையதளம். 2002-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கியது. கணக்குத் தொடங்கி, எதற்கு வேண்டும் என்று ஒரு படிவம் நிரப்பினால் முழுத் தரவுத்தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கும். அதில் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்றில் பார்த்த பறவைகள் இருக்கும், மற்றொன்றில் கணக்கெடுத்த நிகழ்வுகளின் விவரம் இருக்கும். பலர் முதல் கோப்பை மட்டும் இறக்கிவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது கோப்பு இல்லாமல் இந்த வழிகாட்டியின் பாதி வேலையைச் செய்ய முடியாது.

செடி, பூச்சி, ஆமை, பாம்புக்கு ஐநேச்சுரலிஸ்ட். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனம் வரை ஒத்துப்போனால், படமும் தேதியும் இடமும் உள்ள பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது இனத்தின் அடையாளத்துக்குக் கிடைத்த தரம். புள்ளி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பதற்கு அது உறுதி தராது.

இந்த இரண்டின் பதிவுகளும் ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய களஞ்சியத்திலும் வரும். ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்று அங்கே போகத் தோன்றும். ஆனால் அங்கு வரும் இ-பேர்ட் பதிவுகளில் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்ற முயற்சி விவரம் இருக்காது. ஓர் இனம் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பார்க்க ஜிபிஐஎஃப் போதும். கூடியதா குறைந்ததா என்று கேட்கப் போகிறீர்கள் என்றால் மூலத்துக்கே போங்கள்.

குளம், ஓடை, கால்வாய், பாதைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஓவர்பாஸ் டர்போ என்ற தளத்தில் நம் பகுதியைத் திரையில் வைத்துத் தேடினால் எல்லா நீர்நிலைகளின் எல்லைக்கோடும் கோப்பாக இறங்கும். அதைத் திறக்க கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வேண்டும், அதுவும் இலவசம்.

இறக்கிய கோப்பை எக்செல்லில் நேரடியாக இருமுறை தட்டித் திறக்காதீர்கள். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகச் சிதையும், தேதிகள் தலைகீழாகும். இறக்குமதி வழியாக, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியை நம்பும் முன்

எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டு முழு உலகமும் தெரியும்படி விலக்கிப் பாருங்கள். திருநெல்வேலி ஏறக்குறைய 8.73 வடக்கு, 77.70 கிழக்கு. இரண்டையும் யாராவது மாற்றி எழுதியிருந்தால் நகரத்து நயினார்குளம் வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் விழும். இரண்டு கட்டமும் காலியாக இருந்து சுழியமாகிவிட்டால் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில், பூமத்தியரேகை மேல் விழும். இவை உடனே கண்ணில் படும், திருத்துவதும் சுலபம்.

கண்ணில் படாமல் ஏமாற்றுவது பாகை, கலைக் குழப்பம். ஒரு பாகைக்கு 60 கலை. 8 பாகை 43 கலை என்பது 8.717. அதை 8.43 என்று எழுதிவிடுகிறார்கள். 77 பாகை 42 கலையையும் அப்படியே 77.42 என்று எழுதினால் நகரத்தில் பார்த்த பறவை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே நகர்ந்து மலைக்குள் போய்விடும். தமிழ்நாட்டு வரைபடத்தில் அது தவறாகவே தெரியாது. மலையில் இருக்க வாய்ப்பில்லாத கூழைக்கடா மலைக்குள் தெரிந்தால் முதலில் இந்தக் குழப்பத்தைச் சந்தேகியுங்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் இரண்டிலக்க எண் எப்போதும் 60-க்குக் கீழேயே இருந்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

அப்புறம் தசம இலக்கங்கள். நம் அட்சரேகையில் ஒரு பாகை என்பது வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ஆகவே இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர். 8.7, 77.7 என்று மட்டும் இருக்கும் பதிவைக் குளத்தோடு இணைக்க முடியாது. எட்டு இலக்கம் இருந்தாலும் அது எட்டு இலக்கத் துல்லியம் ஆகாது. திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். பாபநாசம் பக்கம் மலை மறைக்கும் இடங்களில் இன்னும் கூடும்.

ஐநேச்சுரலிஸ்டில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை வேண்டுமென்றே மறைத்துத் தருவார்கள். 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது 22 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குள், எங்காவது ஒரு இடத்தில் புள்ளி விழும். பனங்காட்டில் பார்த்த நட்சத்திர ஆமை ஆற்று நடுவில் நிற்பதாகத் தெரிந்தால் காரணம் இதுதான். துல்லியத்துக்கான நெடுவரிசையில் பத்தாயிரக் கணக்கில் மீட்டர் இருந்தால் அது மறைக்கப்பட்ட பதிவு. குளம் வாரிக் கணக்கிலிருந்து விலக்குங்கள், மாவட்டக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை பாளையங்கோட்டைத் தெரு ஒன்றின் நடுவில் சங்குவளை நாரைக் கூட்டம் ஒன்று எங்கள் வரைபடத்தில் வந்தது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பார்த்துக் குறித்துவைத்த பட்டியலை, இரவு வீட்டுக்கு வந்து பதிவேற்றும்போது வீட்டின் இடமே விழுந்துவிட்டது. பதிவு செய்தவருக்குக் குற்றம் சொல்லாத தொனியில் எழுதினோம், மறுநாளே திருத்திவிட்டார். தன்னார்வலர் தகவலில் இந்த வசதி உண்டு, பெரும்பாலும் ஆளைக் கேட்கலாம். கேட்காமல் அழித்துவிடாதீர்கள்.

மாவட்டம் என்ற நெடுவரிசையையும் நம்ப வேண்டாம். தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தன. பழைய பதிவில் சங்கரன்கோவில் இன்னும் திருநெல்வேலியாகவே இருக்கலாம். புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று கியூஜிஐஎஸ்ஸில் புதிதாகக் கணக்கிடுங்கள்.

குளத்தின் பெயரும் எல்லையும்

பெயரை வைத்து இணைக்கப் போனால் சிக்கிக்கொள்வீர்கள். மானூரிலும் பெரியகுளம், விஜயநாராயணத்திலும் பெரியகுளம். புதுக்குளம் எத்தனை என்று எண்ண முடியாது. கூந்தன்குளத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுத்துக் கூட்டுகிறார்கள். அதனால் குளத்துக்குப் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து, நீங்களே ஒரு எண்ணும் கொடுத்துவிடுங்கள். இணைப்பு எல்லாம் அந்த எண் வழியாகவே நடக்கட்டும்.

எல்லை அதைவிடச் சிக்கல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குளத்தை வரைந்தவர் ஏதோ ஒரு நாளின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். மே மாதப் படம் என்றால் நடுவில் ஒரு குட்டை, சுற்றிலும் சீமைக்கருவேலம். ஜனவரிப் படம் என்றால் கரை தொட்ட தண்ணீர். ஒரே குளம், இரண்டு அளவு. தண்ணீர் மாறும், கரை மாறாது. கரை, மடை, மறுகால் (உபரிநீர் வழியும் இடம்) மூன்றையும் படத்தில் கண்டுபிடித்து, அவற்றை வைத்து எல்லையைச் சரிபாருங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில் பல குளங்கள் உடைந்தன. உங்கள் எல்லைக்கோடு அதற்கு முந்தியதா பிந்தியதா என்று ஒவ்வொரு குளத்தின் திருத்த வரலாற்றிலும் பார்க்கலாம்.

இனி, இந்த மண்ணுக்கே உரிய ஒரு விஷயம். இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் பல குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரையில் நின்றால் வெயில் முதுகில் அடிக்கும், பறவைகள் முன்னால் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். கணக்கெடுக்கிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள், போன் குறிப்பதும் அங்கேதான். ஆக, தண்ணீரில் இருக்கும் பறவையின் புள்ளி தண்ணீருக்கு வெளியே, கரை மேலேயோ அதற்குக் கீழே வயலிலோ விழுகிறது. 'குளத்துக்குள் விழும் புள்ளிகள்' என்று தேடினால் நல்ல பதிவுகளில் பாதி கழிந்துவிடும். எல்லையைச் சுற்றி 150, 200 மீட்டர் வளையம் போட்டு அதற்குள் தேடுங்கள். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும் சங்கிலிகளில் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அங்கே புள்ளிக்கு மிக அருகில் உள்ள குளத்துக்குக் கொடுங்கள், சந்தேகமானால் கையால் பிரியுங்கள்.

பரப்பளவு கணக்கிடும்போது ஒரு எச்சரிக்கை. உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் அமைப்பிலேயே அளந்தால் நம் அட்சரேகையில் பரப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடிக் காட்டும். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் அமைப்புக்கு மாற்றுங்கள். 78 பாகைத் தீர்க்கரேகையில் யூடிஎம் மண்டலம் 43 முடிந்து 44 தொடங்குகிறது. பொதிகையில் 43-இல் புறப்படும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம் தாண்டி 44-க்குள் போய்ப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. ஆற்றைப் பாதியில் வெட்ட வேண்டாம். முழுவதற்கும் 43-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், வரும் பிழை ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும்.

யாரும் போகாத குளமும் பறவை இல்லாத குளமும் ஒன்றல்ல

இவ்வளவு எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

எங்கள் முதல் வரைபடத்தில் பறவை பதிவான குளங்களுக்கு நீலம் பூசினோம், மற்றவற்றை வெள்ளையாக விட்டோம். அதை அச்சிட்டு நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊருக்குக் கொண்டுபோனோம். மடை திறக்க வந்த ஒரு விவசாயி தாளை வாங்கி, தம் ஊர்க் குளம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார். "தை மாசம் இங்க வந்து பாத்தியளா தம்பி? பாக்காம எப்படி இல்லங்கிய?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்தக் குளத்துக்கு அதுவரை ஒரு தன்னார்வலர் கூடப் போகவில்லை. நாங்கள் வரைந்திருந்தது பறவைகளின் வரைபடமே அல்ல, பைனாகுலர் வைத்திருப்பவர்கள் போய்வரும் பாதைகளின் வரைபடம். கூந்தன்குளத்தில் பதிவுகள் குவிகின்றன. அது 1994-இல் சரணாலயமாகவும் பின்னர் ராம்சார் தலமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) ஆன இடம், பார்க்க எல்லோரும் போகிறார்கள். நயினார்குளம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. தார்ச்சாலை, ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம் இவை மூன்றும்தான் பதிவுகளை இழுக்கின்றன.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இ-பேர்டில் பட்டியல் போடுகிறவரிடம், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில் நாமக்கோழி இல்லையென்றால், அவர் நின்ற நேரத்தில் அது கண்ணில் படவில்லை என்று பொருள். அதுதான் நமக்கு வேண்டிய உண்மையான சுழியம். நிகழ்வுக் கோப்பில் உள்ள ஒவ்வொரு முழுப் பட்டியலையும் எடுத்து, பறவைக் கோப்பில் அதற்கு நாமக்கோழி இருந்தால் எண்ணிக்கையை எழுதுங்கள், இல்லையென்றால் 0 எழுதுங்கள். ஆர் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு 'ஆக்' என்ற தொகுப்பு இதைச் செய்துதரும். தெரியாதவர்கள் எக்செல்லிலேயே பட்டியல் எண்ணை வைத்து இணைக்கலாம்.

பட்டியலே இல்லாத குளத்துக்கு 0 போடாதீர்கள். அதைக் காலியாக விட்டு, வரைபடத்தில் வேறு நிறம் கொடுங்கள். நாங்கள் இப்போது சாய்கோடு போட்டு "இன்னும் யாரும் பார்க்கவில்லை" என்று எழுதிவிடுகிறோம்.

எண்ணிக்கைக் கட்டத்தில் 'எக்ஸ்' என்று இருந்தால் பறவை இருந்தது, எண்ணவில்லை என்று அர்த்தம். இருந்ததா இல்லையா என்ற கணக்கில் சேருங்கள், சராசரியில் சேர்க்காதீர்கள். அதை 1 ஆக்குவது பொய்க் கணக்கு.

முயற்சியையும் ஒப்பிடக்கூடிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நிமிடம் நின்றவரும் மூன்று மணிநேரம் கரை முழுக்க நடந்தவரும் ஒரே குளத்தைப் பார்த்திருந்தாலும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. இ-பேர்ட் தரவை ஆய்வுக்கு எடுப்பவர்கள் வழக்கமாக நின்ற இடத்தில் பார்த்தவை, நடந்து பார்த்தவை என்ற இரண்டு வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தாறு மணிநேரத்துக்கு மேற்பட்டதையும் பத்துப் பேருக்கு மேல் போனதையும் விலக்குவார்கள். தூரத்துக்கு ஐந்து அல்லது பத்து கிலோமீட்டர் வரை விடுவார்கள். குளம் வாரிக் கணக்குக்கு அது மிக அதிகம் என்பது என் கருத்து. ஐந்து கிலோமீட்டரில் ஒருவர் மூன்று குளத்தைக் கடந்துவிடுவார், புள்ளி ஒன்றுதான் இருக்கும். நான் இரண்டு கிலோமீட்டரோடு நிறுத்துகிறேன்.

ஒன்றையே பலமுறை எண்ணாமல் இருக்க

நாலு நண்பர்கள் சேர்ந்து போய் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டால் தரவில் அது நாலு பட்டியலாக வரும். குழு எண்ணை வைத்து ஒன்றாக்குங்கள். அடுத்து, ஒரே குளத்துக்கு ஒரே வாரத்தில் இருபது பட்டியல் இருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் குருட்டாம்போக்கில் எடுங்கள். கூந்தன்குளத்தின் சத்தத்தில் மற்றக் குளங்களின் குரல் அமுங்கிவிடக் கூடாது. இப்படிக் கழித்த பிறகு ஒரு குளத்துக்கு மூன்று, நாலு பட்டியல்தான் மிஞ்சியது என்றால் சதவீதம் போடாதீர்கள். "நாலு முறை பார்த்ததில் மூன்று முறை இருந்தது" என்றே எழுதுங்கள்.

நேரில் போவது

கணக்கு முடிந்ததும் பத்துக் குளங்களைத் தேர்ந்தெடுங்கள். பாதி, பறவை அதிகம் என்று வரைபடம் சொல்பவை. மீதி, யாரும் பார்க்காதவை. பஸ் போகாத ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள், ஒரே நேர அளவு, சூரியன் உதித்த அரைமணிக்குள். குளத்துக்கு முப்பது நிமிடம் போதும். நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் பிரித்து எண்ணப் பழகியவர் ஒருவராவது கூட இருக்கட்டும். நாமக்கோழிக்கு வெள்ளை அலகும் நெற்றியில் வெள்ளை நாமமும் இருக்கும். தாழைக்கோழிக்கு அலகு சிவப்பு, நுனி மஞ்சள். தூரத்தில் இரண்டும் கறுப்புப் பொட்டுகள்தான். பெரிய கூட்டம் என்றால் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, கூட்டத்தை அந்த அளவால் அளந்துகொண்டே போங்கள்.

போகும்போதே மடை, மறுகால், பாதையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திவிடுங்கள். வேறு நிறுவன வரைபடத்திலிருந்து பெயரை நகலெடுத்து அங்கே போடக் கூடாது. உரிமை மீறல் ஆகிவிடும். கரையில் நிற்பவரைக் கேட்டு எழுதுங்கள்.

வெளியிடும்போது

கூடு உள்ள மரத்தின் சரியான இடத்தை யாருக்கும் தராதீர்கள். கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டவிட்டுப் பாதுகாக்கிறார்கள். மற்ற இடங்களில் அந்தக் காவல் இல்லை. ஆமை, ஆந்தை, தேவாங்கு என்றால் இடத்தைப் பத்து கிலோமீட்டர் கட்டமாக்கியே காட்டுங்கள். பதிவு செய்தவரின் வீட்டில் விழுந்த புள்ளிகளையும் வெளியிடும் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

உரிமம் தளத்துக்குத் தளம் மாறும். இ-பேர்டின் மூலத் தரவை அப்படியே மறுபடி வெளியிடக் கூடாது, உங்கள் முடிவை வெளியிடலாம். ஐநேச்சுரலிஸ்டில் உரிமம் பதிவுக்குப் பதிவு வேறுபடும், படத்துக்குத் தனி உரிமம் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுத்தால் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று வரைபடத்தின் மூலையில் போடுவது கட்டாயம். ஜிபிஐஎஃப்பில் இறக்கினால் ஒரு நிலையான எண் தருவார்கள், அதைக் குறிப்பிடுங்கள்.

கடைசி வேலை, வரைபடத்தைத் தமிழில் பெரிய தாளில் அச்சிட்டு அந்தந்த ஊருக்குக் கொண்டுபோவது. ஜனவரி 26 கிராமசபைக் கூட்டம் அதற்கு நல்ல நாள், குளங்களும் அப்போது நிறைந்திருக்கும். குளத்துக்குள் சீமைக்கருவேலம் வெட்ட ஏலம் விடுவது பற்றிப் பேச்சு வரும்போது, எந்த மாதங்களில் அந்த மரங்களில் கூடு இருக்கிறது என்று காட்டும் ஒரு தாள் மேசையில் இருப்பது பெரிய விஷயம். தாளோடு ஒரு பேனாவும் கொண்டுபோங்கள். எங்கள் இரண்டாவது வரைபடத்தை டீக்கடைச் சுவரில் ஒட்டியபோது சாய்கோட்டுக் குளம் ஒன்றைக் காட்டி ஒருவர், "இதுக்குப் பேரு சின்னக்குளம் இல்ல அண்ணாச்சி, தாமரைக்குளம்லா" என்றார். அன்றே பெயரைத் திருத்தினோம், அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு அந்தக் கரையில் நின்றோம்.